ஸ்வாம்ப் பிங்க்: நியூ ஜெர்சியின் ஊற்றுச் சதுப்புகளில் பூக்கும் அரிய மலர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு நியூ ஜெர்சிக்குக் குடிவந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வசந்த காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் சிலரைக் காட்டு நடைக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். ஏப்ரல் பிறந்துவிட்டால் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே பூவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பெரியவர்கள் கேட்பது ஒரு மாதிரி, பிள்ளைகள் கேட்பது வேறு மாதிரி. எல்லாவற்றுக்குமான பதில்களைத் தமிழில் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது.

இது என்ன பூ? இதற்குத் தமிழ்ப் பெயர் இருக்கிறதா?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மட்டும் வளரும் சதுப்புநிலக் காட்டுச்செடி இது. ஊரார் அழைக்கும் பெயர் ஸ்வாம்ப் பிங்க். அறிவியல் பெயர் ஹெலோனியாஸ் புல்லாட்டா. 1753-இல் லின்னேயஸ் வைத்தது. 'ஹெலோஸ்' என்றால் கிரேக்க மொழியில் சதுப்பு. செடியின் பெயரிலேயே அதன் ஊர் இருக்கிறது.

தமிழ்ப் பெயர் கிடையாது. நம் நிலத்துச் செடியில்லை என்பதால் நானாக ஒன்றைச் சூட்ட விரும்பவில்லை. எங்கள் நடைக்கு வரும் குழந்தைகள் 'சேற்று ரோஜா' என்கிறார்கள். ரோஜாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இதன் நெருங்கிய உறவுச் செடிகள் ஜப்பானிலும் கொரியாவிலும் தைவானிலும் சீனாவிலும் இருக்கின்றன. இடையில் ஒரு பெருங்கடலே கிடக்கிறது. கிழக்காசியாவிலும் கிழக்கு அமெரிக்காவிலும் மட்டும் எஞ்சி நிற்கும் பழைய தாவரக் குடும்பங்கள் பல உண்டு. இதுவும் அந்த வரிசையைச் சேர்ந்தது.

எங்கெல்லாம் வளர்கிறது?

நியூ ஜெர்சி, டெலவேர், மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களிலும், தெற்கே வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் மலைச் சதுப்புகளிலும் வளர்கிறது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை. மாநிலங்களின் பட்டியல் நீளமாக இருப்பதைப் பார்த்துவிட்டு 'பரவாயில்லையே, நிறைய இருக்கிறதே' என்று ஏமாந்துவிடக் கூடாது. தெற்கு மாநிலங்களில் விரல்விட்டு எண்ணிவிடும்படியான இடங்களே உள்ளன. அறியப்பட்ட செடிக்கூட்டங்களில் பாதிக்கு மேல் நியூ ஜெர்சியில்தான் இருக்கின்றன. அமெரிக்காவிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த மாநிலமும் இதுதான். பூவின் பிரச்சினை முழுவதையும் இந்த இரண்டு செய்திகளுக்குள் அடக்கிவிடலாம்.

பார்த்தால் எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

முதலில் இலைகளைத் தேடுங்கள். ஏறக்குறைய ஒரு சாண் நீளம், கரண்டியை இழுத்து நீட்டியது போன்ற வடிவம், பளபளப்பான பச்சை. தரையை ஒட்டி வட்டமாக விரிந்திருக்கும். தாமரைப் பீடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மெலிந்த இதழ்களோடு. அந்த வட்டத்தின் நடுவிலிருந்து உள்ளீடற்ற தடித்த தண்டு ஒன்று எழும்பும். அதன் உச்சியில், விரல் நீளத்துக்குள், 30 முதல் 50 சிறு பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே கொத்தாக நிற்கும்.

தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் இளஞ்சிவப்புதான். ஓர் எட்டு நெருங்கிக் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு பூவுக்கும் ஆறு இதழ்கள், ஆறு மகரந்தத் தண்டுகள். தண்டுகளின் நுனியில் இருக்கும் மகரந்தப் பைகள் நீலம்! ரோஸ் பட்டுப் புடவையில் நீல மணிகளைக் கோத்தது போல. முதன்முதலாக அதைப் பார்த்த அன்று, முழங்கால் சேற்றில் புதைந்ததைக்கூட உணராமல் இருந்திருக்கிறேன். மெல்லிய வாசனையும் உண்டு. காற்றில்லாத காலை நேரம் என்றால் முகத்துக்கு எட்டும்.

பூக்கும்போது தண்டு ஒரு முழம் இருக்கலாம். பூ முடிந்து காய் பிடிக்கும் காலத்தில் அது நின்றுவிடாமல் மேலும் வளர்ந்து ஐந்தடி வரைகூடப் போகும். ஜூன் மாதத்தில் காட்டுக்குள் போகிறவர்கள், பச்சை நிறமாகிப்போன அந்தக் கொத்தைப் பார்த்து வேறு செடி என்றே நினைத்துவிடுவார்கள்.

சதுப்புச் செடிதானே? ஈரம் இருக்கும் எந்த இடத்திலும் வளர வேண்டியதுதானே?

அதுதான் இல்லை. இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்வாம்ப் பிங்குக்கு ஆண்டு முழுவதும் வேர் நனைந்திருக்க வேண்டும். ஆனால் தலை மூழ்கக் கூடாது. எப்போதாவது சில நாள் வெள்ளத்தைத் தாங்கும். நீர் தேங்கி நின்றால் அழுகிவிடும். வறண்டாலும் கதை முடிந்தது. இப்படி ஏறாமலும் இறங்காமலும் ஒரே மட்டத்தில் நிற்கும் நீர் மழையால் கிடைக்காது. மழை பெய்யும்போது பொங்கும், நின்றால் வடியும். நிலத்தடியிலிருந்து ஊற்றாகக் கசியும் நீர் மட்டுமே மாதக்கணக்கில் அந்த நிதானத்தோடு வரும்.

ஆகவே இச்செடி வளரும் இடங்கள் பெரும்பாலும் ஓடைகளின் தலைப்பகுதிகள். மணல் மேட்டின் அடிவாரத்தில் நீர் கசிந்து, கசிந்த நீர் சேர்ந்து, விரற்கடை அகலத்தில் ஓடத் தொடங்கும் இடம். நம் ஊரில் ஊற்றுக்கண் என்போமே, அப்படிப்பட்ட நூறு ஊற்றுக்கண்கள் ஒரு காட்டுத் தரை முழுக்கத் திறந்திருந்தால் எப்படி இருக்கும், அது. சுற்றிலும் அட்லாண்டிக் வெள்ளை சீடார், செம்மேப்பிள், கருங்கம் மரங்கள். கீழே காட்டுப் புளூபெர்ரிப் புதர்களும் பெரணிகளும். அடியில் ஸ்பாக்னம் பாசி, பிழிந்தால் நீர் சொட்டும் பஞ்சு மெத்தையாக.

அங்கேயும் கண்ட இடத்தில் வளராது. மரங்களின் வேர்களைச் சுற்றிப் பாசியும் மக்கிய இலையும் சேர்ந்து சிறு சிறு திட்டுகள் எழும்பியிருக்கும். அந்தத் திட்டுகளின் மேலோ விளிம்பிலோதான் செடி அமர்ந்திருக்கும். திட்டுக்கும் நீருக்கும் இடையே சில அங்குல உயரம்தான் வேறுபாடு. அந்தச் சில அங்குலங்களுக்குள்தான் அதன் வாழ்வு. நீர்மட்டம் அந்த அளவுக்கு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் செடிக்குப் போக்கிடம் கிடையாது.

நிழலும் வேண்டும். மரங்களை வெட்டி வெளிச்சத்தைத் திறந்துவிட்டால் வேறு செடிகள் மளமளவென்று ஏறி இதை அமுக்கிவிடும்.

விதை விழுந்து பக்கத்துக் காட்டுக்குப் பரவாதா?

மிக மெதுவாகத்தான் பரவும். ஒரு கூட்டத்தில் எந்த ஆண்டிலும் சில செடிகளே பூக்கும். மற்றவை இலையோடு நின்றுவிடும். குறிஞ்சியைப் போல எல்லாம் சேர்ந்து ஒரே ஆண்டில் பூக்கும் ஒழுங்கும் இதற்கு இல்லை. விதைகள் பெரும்பாலும் தாய்ச்செடியின் காலடியிலேயே விழுகின்றன. விழுந்தவற்றில் முளைத்து நிலைப்பவை மிகக் குறைவு.

பெரும்பாலும் நடப்பது வேறு. மண்ணுக்குள் இருக்கும் தடித்த கிழங்குத் தண்டிலிருந்து பக்கக் கன்றுகள் வெடிக்கின்றன, நம் வாழை மாதிரி. ஒரு திட்டு முழுவதும் இருபது முப்பது இலைவட்டங்கள் தெரிந்தால், அவை ஒரே தாயின் கன்றுகளாகவே இருக்கக்கூடும். எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே மரபணு வேறுபாடு குறைவு. அதனால்தான் ஓர் இடத்தில் அழிந்துவிட்டால், இரண்டு மைல் தள்ளி நல்ல கூட்டம் இருந்தாலும் அங்கிருந்து விதை வந்து காலி இடத்தை நிரப்பும் என்று நம்பியிருக்க முடியாது.

யாரும் பறிப்பதில்லை, மேய்ச்சல் மாடும் இல்லை. பிறகு எதனால் அழிகிறது?

பழைய காரணங்கள் வேறு: சீடார் மரங்களுக்காகக் காடுகளை வெட்டினார்கள், சதுப்புகளின் நீரை வடித்தார்கள், கிரான்பெர்ரி பயிரிடுவதற்காகச் சதுப்பைத் திருத்தினார்கள். இன்றைய காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. செடி நிற்கும் சதுப்பை யாரும் தொடுவதில்லை. அரை மைல் மேலே, மேட்டில், வீடுகள் வருகின்றன.

என்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பார்த்தால் புரியும். மேடு முழுக்க மணலும் மரமும் இருந்தபோது, பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி மாதக்கணக்கில் பயணம் செய்து அடிவாரத்தில் ஊற்றாகக் கசிந்தது. இப்போது மேட்டில் கூரை, தார்ச்சாலை, வாகன நிறுத்தம். மழை உள்ளே இறங்க வழியில்லை. குழாய் வழியாகப் பாய்ந்து ஓடையின் தலையில் ஒரே மணி நேரத்தில் கொட்டுகிறது. அந்த வேகம் ஓடைக்கரையை அரித்து, வாய்க்கால் மாதிரி ஆழமாகத் தோண்டிவிடுகிறது. ஓடை ஆழமானால் சுற்றியிருக்கும் சதுப்பின் நீர் அதற்குள் வடிந்துவிடும். ஆக, மழை நாளில் வெள்ளம். மற்ற நாளில் வறட்சி. அடித்து வரும் மணலும் வண்டலும் இலைவட்டங்களை மூடிவிடுகின்றன. குடியிருப்புகளுக்காக ஆழ்துளைக் கிணறுகள் இறைத்தால் நிலத்தடி நீர்மட்டமும் இறங்குகிறது. புல்வெளிகளுக்குப் போடும் உரம் நீரோடு வந்து சேரும்போது, அமிலத்தன்மையும் வறுமையும் கொண்ட அந்த மண்ணில் இதுவரை வர முடியாத களைகள் கொழுத்து வளர்கின்றன.

நாங்கள் ஆண்டுதோறும் போகும் ஓர் ஓடையில் இதைக் கண்ணால் பார்த்தேன். மேலே ஒரு குடியிருப்பு எழும்பிய மூன்றாவது வசந்தத்தில் போனபோது, ஓடையோரத் திட்டுகளில் நான்கின் மேல் வெளுத்த மணல் படிந்து கிடந்தது. கையால் மெல்ல விலக்கினேன். இரண்டு அங்குலம் கீழே இலைகள் இன்னும் வட்டமாக விரிந்தபடியே, நிறம் மங்கி இருந்தன. யாரும் சட்டத்தை மீறவில்லை. எல்லா அனுமதியும் வாங்கியே கட்டினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு பூவைக் காப்பது என்றால் பூவைச் சுற்றி வேலி போடுவது என்று நினைக்கிறோம். இதைப் பொறுத்தவரை, காக்க வேண்டியது பூவுக்கு மேலே இருக்கும் மேட்டை.

மான்கள் தின்னும் என்கிறார்களே?

உண்மை. இந்தப் பகுதியில் வெண்வால் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கின்றன. குளிர்காலம் முடியும் நேரத்தில் காட்டுத் தரையில் பச்சை என்று அதிகம் இருக்காது. இந்த இலைகள் மட்டும் உதிராமல் நிற்கும். பசித்த மான் அதை விட்டுவைக்குமா? பூந்தண்டையும் மென்மையாக இருக்கும்போதே கடித்துவிடும். அந்த ஆண்டு விதைக்கு வழியில்லாமல் போகும். சில இடங்களில் பாதுகாவலர்கள் செடிகளுக்குக் கம்பிக்கூண்டு போட்டிருக்கிறார்கள். காட்டுக்குள் கம்பிக்கூண்டைக் கண்டால் தயவுசெய்து தொடாதீர்கள், தூக்கிப் பார்க்காதீர்கள்.

பீவர் அணை கட்டினாலும் ஆபத்தா?

ஆமாம். பீவர் என்பது மரங்களைக் கடித்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும் விலங்கு. நீர் தேங்கிவிடும், செடி மூழ்கும். முன்பு ஒரு சதுப்பு மூழ்கினாலும் பக்கத்தில் பத்துச் சதுப்புகள் இருந்தன. பீவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது ஆதிகாலம் முதல் செய்துவரும் வேலையைச் செய்கிறது. பத்து ஒன்றானதற்கு அது பொறுப்பில்லை.

சட்டப் பாதுகாப்பு என்ன இருக்கிறது?

1988 செப்டம்பர் 9 அன்று அமெரிக்க மத்திய அரசு, 1973-ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ் இச்செடியை 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்று பட்டியலில் சேர்த்தது. 1991-இல் மீட்புத் திட்டம் வெளியானது. நியூ ஜெர்சி மாநிலம் தன் பட்டியலில் இதை இன்னும் ஒரு படி மேலே, 'அருகிவரும்' செடி என்றே வைத்திருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தைப் பலரும் அறிவதில்லை. அந்த மத்தியச் சட்டம் விலங்குக்கு ஒரு நீதியும் செடிக்கு ஒரு நீதியும் வைத்திருக்கிறது. பட்டியலில் உள்ள பறவையைத் தனியார் நிலத்தில் கொன்றாலும் குற்றம். பட்டியலில் உள்ள செடியை மத்திய அரசு நிலத்தில் பிடுங்கினால் குற்றம். தனியார் நிலத்தில் உரிமையாளரே அழித்தால், மாநிலச் சட்டம் எதையும் மீறாத வரை, மத்தியச் சட்டம் தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட திட்டம் என்றால்தான் கலந்தாய்வு கட்டாயம். செடி நிலத்தோடு சேர்ந்த சொத்து என்ற பழைய கருத்து இதன் பின்னால் இருக்கிறது. எனக்கு அது சரியென்று படவில்லை. வேரூன்றி நிற்பதாலேயே ஓர் உயிருக்குப் பாதுகாப்பு குறைய வேண்டுமா?

நடைமுறையில் பூவுக்குக் கைகொடுப்பது நியூ ஜெர்சியின் 1987-ஆம் ஆண்டு நன்னீர்ச் சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம். மத்தியப் பட்டியலில் உள்ள இத்தகைய உயிரினங்கள் வாழும் சதுப்பு உயர்ந்த வகையாகக் கருதப்படும். அதைச் சுற்றி 150 அடிக்குக் கட்டுமானம் கூடாது. இடைநிலை வகைச் சதுப்புக்கு 50 அடிதான். ஒரே ஒரு செடி இருப்பது தெரிந்தால்கூட நூறடி நிலம் கூடுதலாகத் தப்பிக்கிறது. செடிகளைத் தேடிப்போய்ப் பதிவு செய்யும் ஆய்வாளர்களின் வேலை எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

அதேசமயம் மேலே சொன்ன மேட்டுக் கதையை நினைத்துப் பாருங்கள். 150 அடிக்கு அப்பால் இருக்கும் 500 வீடுகளிலிருந்து வரும் மழைநீருக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது.

பைன்லண்ட்ஸ் பகுதியில் நிலைமை பரவாயில்லை என்கிறார்களே, ஏன்?

ஏனென்றால் அங்கே முழு நிலப்பரப்பையும் சேர்த்துக் காத்தார்கள். 1978-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தெற்கு நியூ ஜெர்சியின் ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கரை, நாட்டின் முதல் தேசியக் காப்பு நிலமாக அறிவித்தது. மறு ஆண்டு மாநிலம் தனிச் சட்டமும் கொண்டுவந்தது. எந்தப் பகுதியில் வீடு கட்டலாம், எந்தப் பகுதியில் கூடாது என்று முன்கூட்டியே வகுத்தார்கள். சதுப்பிலிருந்து 300 அடி வரை இடைவெளி கேட்கும் விதியும் இருக்கிறது.

அடியில் இருக்கும் நீர்தான் இதன் மூலக் காரணம். கிர்க்வுட்–கொஹான்சி என்ற மணல் நீர்த்தாங்கி, அதாவது நிலத்தடி நீரைத் தேக்கிவைத்திருக்கும் மணல் அடுக்கு, அங்கே பரந்து கிடக்கிறது. அதில் 17 லட்சம் கோடி கேலன் நீர் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மேலே மூடி எதுவும் இல்லாத வெறும் மணல். நாம் எதைக் கொட்டினாலும் உள்ளே இறங்கிவிடும். அந்த நீரைக் காக்க நினைத்தவர்கள் பூவையும் சேர்த்தே காத்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த பாடம். ஆனால் இந்தப் பூ வளரும் சதுப்புகள் பல பைன்லண்ட்ஸ் எல்லைக்கு வெளியே, டெலவேர் ஆற்றை நோக்கிச் சரியும் புறநகர்ப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே இந்தக் குடை கிடையாது.

2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே, அதனால் பாதிப்பு உண்டா?

அந்த ஆண்டு மே மாதம் சாக்கெட் வழக்கில், ஆறு ஓடைகளோடு மேற்பரப்பில் இடைவிடாமல் இணைந்த சதுப்புகளுக்கு மட்டுமே மத்திய அரசின் தூய நீர்ச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பானது. நிலத்தடி வழியாக மட்டும் தொடர்புள்ள சதுப்புகள் அதன் பாதுகாப்பை இழந்தன. நியூ ஜெர்சிக்குச் சொந்தச் சட்டம் இருப்பதால் இங்கே அடி குறைவு. சொந்தச் சட்டம் வலுவில்லாத மாநிலங்களில்தான் கவலை. ஊற்றுநீரை நம்பி வாழும் ஒரு செடியைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியும் நீர் மட்டுமே கணக்கு என்பது பெரிய அநியாயம்.

வீடு கட்டும் இடத்திலிருந்து செடியைப் பெயர்த்து வேறு சதுப்பில் நட்டுவிடலாமே?

கட்டுநர்கள் அடிக்கடி சொல்லும் தீர்வு இது. கேட்க எளிதாக இருக்கும். அதன் தேவை வெறும் ஈரமன்று. நீர்மட்டம், அமிலத்தன்மை, நிழல், திட்டின் உயரம் எல்லாம் ஒருசேரப் பொருந்த வேண்டும். அப்படிப் பொருந்தும் இடத்தில் பெரும்பாலும் ஏற்கெனவே வேறு செடிகள் நிறைந்திருக்கும். பெயர்த்து நட்டவை சில ஆண்டுகள் பச்சையாக நின்றுவிட்டுப் பிறகு தேய்வதும் உண்டு. வேறு வழியே இல்லாதபோது செய்யும் கடைசி முயற்சியாக இருக்கலாம். இடத்தை அழிப்பதற்கான அனுமதிச் சீட்டாக இருக்கக் கூடாது.

என் வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாமா?

காட்டிலிருந்து எடுத்து வரவே கூடாது. விதையிலிருந்து நாற்றங்காலில் வளர்த்த செடிகளைத் தாவரவியல் பூங்காக்கள் வைத்திருக்கின்றன. மாநில எல்லை தாண்டி விற்பதற்கு மத்தியச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. உண்மையைச் சொன்னால், வீட்டுத் தோட்டத்தில் ஊற்று இருந்தாலொழிய இது பிழைக்காது. ஈரமான மூலை இருந்தால் இதே காட்டின் மற்றச் செடிகளை நடுங்கள்: வாசனைக் கொத்துகளோடு பூக்கும் ஸ்வீட் பெப்பர்புஷ், உயரப் புளூபெர்ரி. நாம் கடையில் வாங்கும் புளூபெர்ரியின் கதை தொடங்கியதே இந்தச் சதுப்புகளின் பக்கத்தில்தான். வைட்ஸ்பாக் என்ற ஊரில் எலிசபெத் வைட் என்ற பெண்மணி, காட்டில் பெரிய பழம் தரும் புதர்களை உள்ளூர் மக்களைக் கொண்டு தேடிப் பிடித்து, தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில் உதவியோடு வளர்த்து, 1916-இல் முதல் அறுவடையை விற்றார். ஸ்வாம்ப் பிங்கின் அண்டை வீட்டுச் செடி உலகச் சந்தைக்குப் போய்விட்டது!

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடை இருக்கிறது. நான் செய்யக்கூடியது என்ன?

நிறைய இருக்கிறது. இங்கே தமிழர்கள் பலர் வீடு வாங்குவது இத்தகைய புதுக் குடியிருப்புகளில்தான். ஆகவே இது நம் பொறுப்பும்கூட.

புல்வெளி உரத்தை முதலில் குறையுங்கள். நியூ ஜெர்சியின் 2011-ஆம் ஆண்டு உரச் சட்டப்படி நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை வீட்டுப் புல்வெளிக்கு உரம் போடக் கூடாது. மண் பரிசோதனை செய்து தேவை என்று தெரிந்தாலொழிய பாஸ்பரஸ் கலந்த உரமும் கூடாது. புல்வெளியைப் பராமரிக்க ஆள் வைத்திருப்பவர்கள் அவரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள். ஓடைக்கரை வரை புல்லை வெட்டிச் சீராக்காதீர்கள். கரையோரம் புதர் மண்டிக் கிடப்பது அழகில்லை என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்தப் புதர்தான் மணலையும் உரத்தையும் வடிகட்டுகிறது. இலைக்குப்பையை ஓடையில் தள்ளுவதும் வேண்டாம்.

கூரைநீர் குழாயைச் சாலை வடிகாலுக்கு விடாமல், தோட்டத்தில் சிறு பள்ளம் வெட்டி அதற்குள் விடுங்கள். மழைநீர் சேகரிப்பு நமக்குப் புதிதா? தமிழ்நாட்டில் 2003-இல் ஒவ்வொரு வீட்டுக்கும் அதைக் கட்டாயமாக்கியபோது மொட்டை மாடிக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்பிவிட்ட தலைமுறை நாம். இங்கே செய்ய வேண்டியதும் அதேதான்: மழையை மண்ணுக்குள் அனுப்புவது. அங்கே கிணறு ஊறியது; இங்கே அடிவாரத்து ஊற்று கசியும்.

இன்னொன்று, பலரும் தவிர்ப்பது: நகர்மன்றத்தின் திட்டக்குழுக் கூட்டங்களுக்குப் போங்கள். புதிய கட்டுமான விண்ணப்பங்கள் அங்கேதான் விவாதத்துக்கு வருகின்றன. பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள். மழைநீர் எங்கே போகும், மேட்டில் எவ்வளவு மரம் மிஞ்சும் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டாலே போதும். நான் போன ஒரு கூட்டத்தில் பார்வையாளர் வரிசையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

பூவைப் பார்க்க எப்போது வர வேண்டும்? இடத்தை ஏன் சொல்ல மறுக்கிறீர்கள்?

ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை கடற்கரைச் சமவெளியில் பார்க்கலாம்; மலைப் பகுதிகளில் சற்றுத் தாமதமாகும். பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் தாவரப் பூங்காக்களில் மரப்பலகைப் பாதையில் நின்று பார்ப்பதே நல்லது.

காட்டில் இருக்கும் இடங்களைச் சொல்வதில்லை. பிடுங்கிச் செல்பவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். அன்போடு வருகிறவர்களின் காலடியே போதும். பாசித் திட்டின் மேல் ஒருமுறை மிதித்தால் அது அமுங்கி, நீருக்கும் செடிக்கும் இடையிலான அந்தச் சில அங்குலம் போய்விடும். புகைப்படம் எடுத்தால் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வசந்தத்தில் இந்தக் காடுகளில் மான் உண்ணிகள் அதிகம். அவற்றால் லைம் நோய் வரும். முழுக்கால் சட்டை, காலுறைக்குள் செருகிய நுனி, வீடு திரும்பியதும் பிள்ளைகளின் காதோரமும் முழங்கால் மடிப்பும் பார்க்க வேண்டும்.

ஒரு பூ போனால் உலகம் நின்றுவிடுமா?

எங்கள் நடைக்கு வந்த ஒரு பெரியவர், குத்தலாக இல்லாமல் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது இது. நிற்காது ஐயா என்றேன். நாம் குடிக்கும் நீர் இதே மணலுக்குள்ளிருந்துதான் வருகிறது. நிலத்தடி நீர் சில அங்குலம் இறங்கியதை நம் குழாய் நமக்குச் சொல்லாது. இந்தச் செடி சொல்லிவிடும். அது ஒரு காரணம். ஆனால் அது பயன்படுவதால் மட்டும் வாழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பனிப்பாறைகள் உருகிய காலத்திலிருந்து இந்தச் சேற்றில் நீல மணி கோத்து நிற்கும் ஓர் உயிரை, நாம் வாகனம் நிறுத்துவதற்காக இழக்கலாமா என்று அவரிடமே திருப்பிக் கேட்டேன். அடுத்த ஆண்டு பேத்தியையும் அழைத்து வந்தார்.

குளிர்காலத்தில் செத்துவிடுமா?

இல்லை. பனிக்காலம் வந்ததும் இலைகள் செம்பழுப்பாகிச் சேற்றோடு படிந்துவிடும். மேலே மேப்பிள் சருகு மூடியிருக்கும். தெரியாதவர்கள் மிதித்துவிட்டே போய்விடுவார்கள். ஜனவரியில் ஒருமுறை, ஓடையின் விளிம்பெல்லாம் கண்ணாடித் தகடாக உறைந்திருந்த நாளில், சருகை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தேன். படிந்த இலைகளின் நடுவில், சட்டைப் பொத்தான் போல உருண்டையாக, இறுக்கமாக ஒரு மொட்டு. ஏப்ரலில் விரியப்போகும் பூங்கொத்து முழுவதும் அதற்குள் தயாராக இருந்தது. சருகை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.